இடது ஓரத்தில் ‘இருக்கேன்’ என்றவர்

எங்கள் வாட்ஸ்அப் புலனக் குழுவின் பெயர் ‘முட்டிவலிச் சங்கம்’. அறுபதைத் தாண்டியும் ஹாக்கி மட்டையைக் கீழே வைக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும் ஆண்களும், அவர்களை மேய்க்கும் மேலாளராக நான் ஒருத்தியும் அதில் இருக்கிறோம். பூப்படம், பொன்மொழி, நாட்டுவைத்தியக் குறிப்பு எதுவும் அதில் போடக்கூடாது என்பது என் உத்தரவு. காலையில் கண் விழித்ததும் ஆளுக்கு ஒரு சொல் போட்டால் போதும்: “இருக்கேன்.” எங்கள் வயதில் அதைவிடப் பெரிய செய்தி வேறு என்ன இருக்கிறது? நான் மலேசியாவின் கிள்ளானில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். காலையில் வருகைப் பதிவு எடுக்காவிட்டால் எனக்குப் பொழுது விடியாது.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, பாசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது கைப்பேசி சிணுங்கியது. ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இருக்கும் பாலா அண்ணனின் எண்ணிலிருந்து ஒரு செய்தி: “பாலா இல்லை.” பாலா அண்ணன் குறும்புக்காரர். அதனால் யாரும் அதைச் செய்தியாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் கோல்காவலர் ஹர்ஜித் சிங், எங்கே போனான், காப்பி குடிக்கவா என்று கேட்டிருந்தார். அணித்தலைவர் சொக்கலிங்கம், எங்கள் சொக்கு, சொல்லாமல் திடலை விட்டுப் போனதற்கு ஒரு மஞ்சள் அட்டை என்று போட்டிருந்தார். சிரிப்பு முகங்கள் வரிசையாக வந்து விழுந்தன. எனக்கு மட்டும் உறுத்தியது. பாலா அண்ணன் தமிழை ஆங்கில எழுத்தில்தான் அடிப்பார். இது தமிழ் எழுத்தில் வந்திருந்தது.

உடனே கூப்பிட்டேன். எடுத்தவர் அவர் மனைவி ஜெயந்தி அக்கா. காலையில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்து உட்கார்ந்தவர், உட்கார்ந்தபடியே போய்விட்டாராம். மாரடைப்பு. “என்ன எழுதறதுன்னு தெரியல டீச்சர். தினமும் அவர் எழுதறதைப் பார்த்திருக்கேன். அதுக்கு எதிர்ச்சொல்லை எழுதிட்டேன்” என்றார். மீன்காரர் பையை நீட்டிக்கொண்டே நின்றார். நான் அழுதுகொண்டு நின்றேன். நான் விஷயத்தைச் சொன்னதும் குழுவில் சிரிப்பு முகங்கள் ஒவ்வொன்றாக அழிக்கப்பட்டுக்கொண்டிருந்தன.

அவரோடு ஆடியவர்களுக்கும் எதிர்த்து ஆடியவர்களுக்கும் பாலாவைப் பற்றி நான் புதிதாக என்ன சொல்லிவிடப் போகிறேன்? ஆனால் வரும் ஞாயிறு பிரிக்பீல்ட்ஸில் வாழை இலைச் சாப்பாட்டுக்குக் கூடும்போது ஆளுக்கொரு மாதிரி கதையை முறுக்குவீர்கள் என்று எனக்குத் தெரியும். சொக்கு கட்டாயம் தன்னையே கதாநாயகனாக்கிக்கொள்வார். ஆகவே மேலாளர் என்ற முறையில் நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

பாலாவை நாங்கள் முதலில் பார்த்தது எதிரணி ஆளாகத்தான். ஆஸ்திரேலிய மூத்தோர் அணி ஒன்று இங்கே நட்புமுறை ஆட்டத்துக்கு வந்திருந்தது. நம் ஆட்களைவிட ஒரு முழம் உயரமானவர்கள், ஓட்டமும் அதிகம். நம்மிடம் இருந்த ஒரே ஆயுதம் தமிழ். ஹர்ஜித் கிள்ளானில் பிறந்து வளர்ந்தவர். என் அண்ணன் மகனைவிட நல்ல தமிழ் பேசுவார். அணியில் இருந்த மலாய் நண்பர்களும் ‘விடு’, ‘பிடி’, ‘பின்னாடி’ எல்லாம் கற்றுவைத்திருந்தார்கள். தற்காப்பில் நிற்கும் சொக்கு சத்தமாகவே உத்தரவு போடுவார், எதிரணிக்கு ஒன்றும் விளங்காது. அன்றும் அப்படித்தான் கத்தினார்: “லெஃப்ட்ல ஆளே இல்லடா, எல்லாரும் உள்ள வாங்க!”

“இருக்கேன்லா” என்று இடது ஓரத்திலிருந்து, நம் ஊர் ‘லா’வோடு, ஒரு குரல் வந்தது. கோபமோ கேலியோ இல்லாமல், கதவைத் தட்டிய விருந்தாளிக்கு உள்ளேயிருந்து பதில் சொல்வது போன்ற குரல். எல்லாரும் அப்படியே நின்றுவிட்டார்கள். யார் பேசியது என்று நம்மவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், எதிரணியின் பச்சைச் சட்டை போட்ட ஒரு குள்ளமான ஆள் பந்தை வாங்கி, நிதானமாக உள்ளே தள்ளிவிட்டார். ஹர்ஜித் அப்போதும் குரல் வந்த திசையைத் தேடிக்கொண்டுதான் இருந்தார். கோல் வாங்கிய அணி ஏன் விழுந்து விழுந்து சிரிக்கிறது என்று நடுவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

ஆட்டம் முடிந்து இரண்டு அணிகளும் மாமாக் கடைக்கு, நம் தமிழ் முஸ்லிம்களின் சாப்பாட்டுக் கடைக்கு, போனோம். அந்தக் குள்ளமானவரின் சட்டை முதுகில் பெரிய எழுத்தில் முத்தையா என்று இருந்தது. “முத்தையா அண்ணே, நீங்க எந்த ஊரு?” என்று கேட்டேன். நுரை ததும்பிய தே தாரிக் தேநீரை ஊதிக்கொண்டே சொன்னார்: “முத்தையா எங்கப்பா, டீச்சர். கிள்ளான் துறைமுகத்துல மூட்டை தூக்கினவரு. நான் பாலா. காப்பார் பாலா.” ஹர்ஜித் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். பள்ளி நாளில் தன் கோலுக்குள் பந்தைத் தள்ளித் தள்ளித் தன்னை அழவைத்த பக்கத்து ஊர்க் காப்பார் பையன் இந்தப் பாலாதானாம்.

பெயர் விஷயத்தைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும், ஏனென்றால் பின்னால் நடந்த கூத்தெல்லாம் அதனால்தான். நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது. நம் அடையாள அட்டையில் நம் பெயர், அப்புறம் ஏ/எல், அப்புறம் அப்பா பெயர். ஏ/எல் என்றால் மலாயில் அனாக் லெலாக்கி, மகன். பெண்ணென்றால் ஏ/பி. பாலா பெர்த்துக்குப் போனபோது அங்கே குடும்பப்பெயர் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். இவர் அப்பா பெயரைச் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து அலுவலகத்தில் முத்தையா, வங்கியில் முத்தையா, திடலில் சுருக்கமாக ‘முத்தி’. வாழ்நாளில் பாதியை அப்பா பெயரிலேயே ஓட்டியிருக்கிறார்.

அவருடைய அப்பாவோ ஹாக்கியைக் கண்டாலே ஆகாதவர். மட்டை பிடித்தவன் மாடுதான் மேய்ப்பான் என்று சொல்லி இரண்டு மட்டைகளை அடுப்பில் வைத்தவர். “அங்க நான் எத்தனையோ கோல் அடிச்சேன் டீச்சர். அத்தனையும் எங்கப்பா கணக்குல போயிருச்சு. மேல இருந்து பார்த்தாருன்னா, நான் எப்படா ஹாக்கி ஆடினேன்னு குழம்பிப்போயிருப்பாரு” என்று சொல்லிவிட்டு அவரே முதலில் சிரித்தார். அவர் சிரிப்பு உங்களுக்குத் தெரியும். ஆள் சின்னது, சிரிப்பு பெரிது.

அன்று மாலையே கேட்டுவிட்டார். நம் அணிக்காக ஒரே ஓர் ஆட்டம் ஆட வேண்டும், அதற்கு வழி உண்டா என்றார். ஏன் என்றேன். “அங்க எல்லாரும் நல்லவங்கதான். ஆனா பந்து கேக்கறதுக்கு ‘லெஃப்ட், லெஃப்ட்’னு கத்தணும். அது கத்தறது. ‘இருக்கேன்’னு சொல்றது வேற. இன்னைக்கு வாய் தவறி வந்துச்சு. சொன்னதும் ஒடம்பே லேசாயிருச்சுலா” என்றார்.

வழி இருந்தது. எங்கள் வயதினருக்காக நாடுகளுக்கிடையே நடக்கும் போட்டியின் விதி தாராளமானது. குடியுரிமை இருந்தால் ஆடலாம். பிறந்த நாடாக இருந்தால் ஆடலாம். பெற்றோர் பிறந்த நாட்டுக்கும், முன்பு நீண்ட காலம் வாழ்ந்த நாட்டுக்கும் ஆடலாம். சொக்கு சுபாங் ஜெயாவில் வழக்கறிஞர். விதியைக் கையில் வைத்துக்கொண்டு விசாரணையைத் தொடங்கினார். குடியுரிமை? ஆஸ்திரேலியா. நம் நாடு இரண்டு குடியுரிமைக்கு இடம் தராது என்பதால் மலேசியக் கடப்பிதழை, அதாவது பாஸ்போர்ட்டை, திருப்பிக் கொடுத்திருந்தார். அப்பா பிறந்தது? தமிழ்நாடு, புதுக்கோட்டைப் பக்கம். சரி, அவர் பிறந்தது காப்பார்தானே?

“சிங்கப்பூர்” என்றார் பாலா. அவர் தலைப்பிள்ளை. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது நம் வழக்கம். அம்மாவின் தாய்வீடு சிங்கப்பூரில் இருந்தது. பிள்ளையைப் பெற்றுத் தூக்கிக்கொண்டு காப்பாருக்கு வந்துவிட்டார்கள். வளைகாப்பு முடித்து அனுப்பிய பாட்டிமார்கள் பிற்கால ஹாக்கி விதிகளையெல்லாம் யோசிக்கவில்லை. ஆக, இந்தியாவுக்கு ஆடலாம், சிங்கப்பூருக்கு ஆடலாம், ஆஸ்திரேலியாவுக்கு ஆடிக்கொண்டிருக்கிறார். வளர்ந்து, படித்து, அடிவாங்கி, மட்டை பிடித்த ஊருக்கு மட்டும் ‘முன்பு வாழ்ந்தவர்’ என்ற கடைசி வரியில்தான் இடம். “நாலு நாட்டுச் சட்டை போடலாம். நாலுலயும் பெஞ்சுதான்” என்று பாலா தன்னைத்தானே கிண்டலடித்துக்கொண்டார்.

ஆனால் விதியில் இன்னொரு முள் இருந்தது. ஒரு நாட்டுக்கு ஆடிவிட்டு மறுநாட்டுக்கு மாறுவதென்றால், இடையில் மூன்று ஆண்டுகள் எந்த நாட்டுக்கும் ஆடக்கூடாது. இருபது வயதுக்காரனுக்கு மூன்று ஆண்டு ஒன்றுமில்லை. அறுபதைக் கடந்த, வலது முட்டியில் குருத்தெலும்பு தேய்ந்துபோன ஒருவருக்கு அது சூதாட்டம். பெர்த் மருத்துவர் முட்டியை மாற்றியாக வேண்டும் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தார். மாற்றினால் ஹாக்கி அத்தோடு சரி. மாற்றாமல் காத்திருந்தால் முட்டி தாங்குமா என்பது கடவுளுக்கே வெளிச்சம். பாலா யோசிக்கவே இல்லை. மறுநாள் பெர்த் அணியிடம் சொல்லிவிட்டு வந்துவிட்டார். ஜெயந்தி அக்கா என்னைத் தொலைபேசியில் பிடித்து ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தார். முட்டிக்கு எழுபது வயசு, மூளைக்கு ஏழு வயசு, இவரை நம்பி நீங்களும் ஆடுகிறீர்களே டீச்சர் என்றார்.

நம் அணியிலும் எல்லாருக்கும் இனிக்கவில்லை. சொக்கு அதை மறைக்கவும் இல்லை. திடலில் எல்லார் முன்னிலையிலும் கேட்டார்: “நல்லா இருந்தப்ப நாட்டை விட்டுட்டுப் போயாச்சு. இப்ப கெழவனானதும் வந்து சட்டை கேட்டா எப்படி? இங்கயே இருந்து வரி கட்டி, வெயில்ல ஆடினவனுக்கு என்ன மரியாதை?” கேள்வியில் நியாயம் இருந்தது. பாலா கோபப்படவில்லை. தண்ணீர்ப் புட்டிகளை அடுக்கிக்கொண்டே சொன்னார்: “சொக்கு சொல்றது சரிதான். கடப்பிதழைக் கொடுத்தேன். காலைக் கொடுக்கல. கால் இன்னும் காப்பார்லதான் இருக்கு.” சொக்கு திடலைச் சுற்றி ஓடப் போய்விட்டார்.

அந்த மூன்று ஆண்டுகளும் அவர் எப்படிக் காத்திருந்தார் என்பதைப் பார்த்தவர்கள் நீங்கள். ஆண்டுக்கு இரண்டு முறை காப்பாரில் இருக்கும் தங்கை வீட்டுக்கு வந்துவிடுவார். அங்கிருந்து மாப்பிள்ளையின் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு, முட்டியில் பட்டையைச் சுற்றிக்கொண்டு, பயிற்சிக்கு எல்லாருக்கும் முன்னால் வந்து நிற்பார். ஆட முடியாதே தவிர, பந்து பொறுக்கலாம், பயிற்சிக் கூம்பு வைக்கலாம், அடுத்தவர் காலில் தைலம் தேய்க்கலாம். சொக்குவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டபோது முழுவதும் தேய்த்துவிட்டவர் அவர்தான். தேய்த்தபடியே, “இங்கயே இருந்து வரி கட்டின இடுப்பு, பார்த்துத் தேய்க்கணும்” என்றார். சொக்குவே சிரித்துவிட்டார். குழுவில் காலைதோறும் ‘இருக்கேன்’ போடும் வழக்கத்தைத் தொடங்கியவரும் பாலாதான். பெர்த்துக்கும் கிள்ளானுக்கும் மணி ஒன்றே என்பதில் அவருக்கு அத்தனை பெருமை. “நான் எங்க போனேன்? அதே மணியிலதான்லா இருக்கேன்” என்பார்.

ஒருமுறை மாமாக் கடையில் பக்கத்து மேசைக்காரர் ஒருவர் அவரை மடக்கினார். மலேசியாவும் ஆஸ்திரேலியாவும் மோதினால் அங்கிள் யார் பக்கம் என்று கேட்டார். பாலா ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டே, “தோக்கறவங்க பக்கம். ஜெயிக்கறவனுக்கு நான் எதுக்கு?” என்றார். கேட்டவர் அதை யோசித்துவிட்டு, நமக்குத்தான் அங்கிள் அதிகம் தேவைப்படுவார் போலிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே போனார்.

காத்திருப்பு முடிந்த ஆண்டில் போட்டி கோலாலம்பூருக்கே வந்தது. முட்டி, எப்படியோ, தாங்கியிருந்தது. தாங்காதது பெயர்தான். தகுதியைச் சரிபார்க்க வந்திருந்தவர் ஸ்காட்லாந்துப் பெண்மணி ஒருவர். கண்டிப்பானவர், ஆனால் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கவில்லை. அவர் முன் மேசையில் ஒரு பக்கம் ஆஸ்திரேலியக் கடப்பிதழ், அதில் குடும்பப்பெயர் முத்தையா. மறுபக்கம் காப்பார் பள்ளிச் சான்றும் பழைய அடையாள அட்டையின் நகலும், அவற்றில் பாலகிருஷ்ணன் ஏ/எல் முத்தையா. இந்த ஏ எல் யார், இவர் ஏன் ஆஸ்திரேலியாவில் காணாமல் போனார் என்று கேட்டார். அது மகன் என்றார் பாலா. உங்கள் மகன் ஏன் உங்கள் பெயருக்குள் இருக்கிறார் என்று அந்த அம்மா கேட்டார்.

சொக்கு சட்டம் பேச எழுந்தார். அதுதான் தப்பாகிப் போனது. அவர் விளக்க விளக்க அந்த அம்மாவின் புருவம் உயர்ந்துகொண்டே போனது. அணிப் பட்டியலைப் புரட்டிப் பார்த்தவர், இன்னும் மூன்று பேருக்கு ஏ எல் இருப்பதைக் கண்டு, இவர்கள் நால்வரும் சகோதரர்களா என்றார். நான் இடைபுகுந்து, இல்லை அம்மா, எனக்கு ஏ/பி, நான் மகள் என்றேன். இவருக்கா என்று பாலாவைக் காட்டினார். என்னைவிட ஐந்து வயதுதான் மூத்தவர். பாலா மேசையைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெயர் கொடுக்கும் கெடு அன்று நண்பகலோடு முடிந்துவிடும். சந்தேகம் தீராத ஆட்டக்காரரைச் சேர்க்க முடியாது, மேலிடத்தைக் கேட்டுவிட்டு நாளை சொல்கிறேன் என்று அந்த அம்மா காகிதங்களை ஒழுங்குபடுத்தத் தொடங்கிவிட்டார். மூன்று ஆண்டும் ஒரு முட்டியும் அந்த மேசையிலேயே முடிந்துவிடும் போலிருந்தது.

அப்போது பாலா, அவர் சட்டையில் குத்தியிருந்த பெயர்ப்பட்டையைப் பார்த்தார். அந்தப் பெயர் ‘மாக்’ என்று தொடங்கியது. பெர்த்தில் அவர் அலுவலகத்தில் இரண்டு மாக்குகள் இருந்திருக்கிறார்கள். மிகவும் பணிவாக, உங்கள் பெயரில் இருக்கும் மாக் யார் அம்மா என்று கேட்டார். அந்தப் பெண்மணி ஒரு கணம் அவரைப் பார்த்தார். பிறகு காகிதத்தைக் கீழே வைத்தார். மகன் என்றார். எங்கள் பழைய மொழியில் மாக் என்றால் மகன், நானும் என் பெயருக்குள் எவனோ ஒருவனின் மகனைச் சுமந்துகொண்டுதான் வாழ்நாளெல்லாம் திரிகிறேன் என்று சொல்லிவிட்டு, அவரும் குலுங்கத் தொடங்கினார். மாக்கும் மகனும் ஒன்றா என்று ஹர்ஜித் ஆராய்ச்சியில் இறங்கினார். நான் அவரை வெளியே இழுத்துக்கொண்டு போனேன். நண்பகலுக்கு முன் பாலாவின் பெயர் சேர்ந்துவிட்டது.

கதை அத்தோடு நின்றிருந்தால் நம் ஆட்கள் கதையாகியிருக்காது. சட்டை முதுகில் ஒட்டும் பெயர்ப்பட்டைகளைப் போட்டி ஏற்பாட்டாளர்களே அச்சடித்துத் தந்தார்கள். காலையில் பொட்டலத்தைப் பிரித்தேன். பாலாவின் பட்டையில் முத்தையாவும் இல்லை, பாலாவும் இல்லை. கணினியில் ஏற்றிய யாரோ, குடும்பப்பெயர் என்ற கட்டத்தில் இருந்த ‘ஏ/எல் முத்தையா’வில் முதல் துண்டை மட்டும் போட்டிருக்கிறார்கள். ‘ஏ எல்’. பாலாவுக்கு மட்டுமா? சொக்குவுக்கும் ஏ எல். இன்னும் இரண்டு பேருக்கும் ஏ எல். சொக்கு கண்டனம் தெரிவிக்கக் கிளம்பினார். பாலாவோ அந்த மஞ்சள் சட்டையைத் தூக்கிப் பிடித்து, முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, “விடு சொக்கு. அங்க அப்பாவா ஆடினேன். இங்க மகனா ஆடறேன். வயசு கொறைஞ்சிருச்சுலா” என்றார். அப்புறம் யாருக்கும் கண்டனம் தெரிவிக்க மனம் வரவில்லை.

அவர் ஆடியது ஒரே ஆட்டம்தான். முதல் ஆட்டங்களில் முட்டி வீங்கியிருந்ததால் நான் உட்கார வைத்துவிட்டேன், அதற்காக என்னை முறைத்துக்கொண்டே இருந்தார். கடைசி ஆட்டம், வேறு யாரோடு, ஆஸ்திரேலியாவோடுதான். நாம் தோற்றுக்கொண்டிருந்தோம். மூன்றாம் கால்பகுதியில் அவரை உள்ளே அனுப்பினேன். பெர்த் நண்பர்கள் ‘முத்தி’ என்று கை தட்டினார்கள். சிறிது நேரத்தில் நம் பக்கத்தில் சொக்குவிடம் பந்து சிக்கியது. மூன்று பேர் அவரை நெருக்கிவிட்டார்கள். எங்கே அடிப்பது என்று தெரியாமல் அவர் திணறுவது எனக்கு ஓரத்திலிருந்தே தெரிந்தது.

“இருக்கேன்!” என்றது இடது ஓரம்.

சொக்கு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குரல் வந்த பக்கம் கண்ணை மூடிக்கொண்டு அடித்தார். பந்து நீலத் தரையில் நீளமாக உருண்டது. பாலா ஓடினார் என்று சொன்னால் பொய். நொண்டிக்கொண்டே பந்தை முன்னால் தள்ளித் தள்ளிப் போனார். வட்டத்துக்குள் போனதும் பந்தை நம் இன்னொரு ஆட்டக்காரருக்குக் கொடுத்தார், அவர் அடித்தது எதிரணிக் கோல்காவலரின் காலில் பட்டுத் திரும்பி வந்தது. அந்த நேரம் பார்த்து முட்டி கைவிட்டது. பாலா விழுந்தார். விழும்போதே கையை நீட்டினார். நீட்டிய கையில் மட்டை இருந்தது, மட்டையில் பந்து பட்டது, பந்து கோட்டைத் தாண்டி மெதுவாக உள்ளே போய் உட்கார்ந்தது.

மலேசியாவுக்கு ஒரு கோல், அடித்தவர் ஏ எல் என்று ஒலிபெருக்கி அறிவித்தது. திடலில் நான்கு கைகள் உயர்ந்தன. அவற்றில் ஒன்று தொலைவில், நம் கோலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த சொக்குவுடையது. பாலா தரையில் மல்லாந்து படுத்தபடி, “நான்லா, நான்!” என்று மட்டையை ஆட்டிக்கொண்டிருந்தார். அவரைத் தூக்கி நிறுத்தியவர்கள் அவருடைய பழைய பெர்த் நண்பர்கள். நான் கூச்சமில்லாமல் அழுதேன். ஆட்டத்தில் தோற்றோம், எத்தனைக்கு எத்தனை என்று இன்றைக்குக் கேட்டால் நம் அணியில் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

அன்று மாலை பனிக்கட்டிப் பையை முட்டியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், கோல் யார் பேரில் ஏறியது டீச்சர் என்று கேட்டார். மகன் பேரில் அண்ணே என்றேன். “அப்பா பேர்ல நெறைய ஆச்சு. மகன் பேர்ல ஒண்ணு போதும்” என்றார். பெர்த்துக்குத் திரும்பியதும் முட்டியை மாற்றிக்கொண்டார். அதன் பிறகு மட்டையைத் தொடவில்லை, தொட வேண்டும் என்று ஒருநாளும் புலம்பவுமில்லை. ஆண்டுதோறும் வந்தார், கூம்பு வைத்தார், தைலம் தேய்த்தார்.

பெர்த்தில் அவரை அனுப்பிவைத்தபோது அந்த மஞ்சள் சட்டையைத்தான் போட்டுவிட்டிருக்கிறார்கள். இறுதிச் சடங்கு நடத்தியவர்கள் குடும்பப்பெயர் கேட்டார்களாம், ஜெயந்தி அக்கா முத்தையா என்று எழுத்துக்கூட்டிச் சொன்னாராம். “ஏ எல் முதுகுப் பக்கம் இருக்கு டீச்சர். படுத்திருக்கறப்ப யாருக்கும் தெரியாது. அவருக்குத் தெரியும்” என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் சிரிப்பு இருந்தது, நானும் சிரித்தேன்.

அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது ஒரு பழக்கம். ஆள் இல்லை, இடம் இல்லை, இவர் நம்மவர் இல்லை என்று யாராவது அடித்துச் சொன்னால் நான் உடனே நம்புவதில்லை. ஒருமுறை இடது ஓரத்தைப் பார்க்கிறேன். அங்கே பெரும்பாலும் யாராவது இருக்கிறார்கள், கூப்பிடுவதற்காகக் காத்துக்கொண்டு.

இதை எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. அந்த வியாழனுக்குப் பிறகு குழுவில் யாரும் ‘இருக்கேன்’ போடவில்லை. இருப்பதையே வெளியில் சொல்லக் கூச்சமாக இருந்தது. நானும் வருகை கேட்கவில்லை. போன வாரம் பாலாவின் எண்ணிலிருந்து எனக்கு மட்டும் ஒரு செய்தி வந்தது. ஜெயந்தி அக்கா எழுதியிருந்தார்: “டீச்சர், இந்தக் குழுவுல நான் இருக்கலாமா? நான் ஹாக்கி மட்டையைத் தொட்டதுகூட இல்ல. காலையில இந்த போன் சும்மா கெடக்கறதைப் பார்க்க முடியல.”

சொக்குவைக் கூப்பிட்டுச் சட்டப்படி தகுதி உண்டா என்று கேட்டேன். ஆட்டக்காரராக இல்லை, மூத்தோர் வயது வரம்பு அக்காவுக்குப் பொருந்துமா என்று தான் கேட்கப்போவதுமில்லை, ஆனால் அந்த முட்டியோடு இத்தனை காலம் குடித்தனம் நடத்தியவருக்கு இல்லாத தகுதி வேறு யாருக்கு என்றார். காத்திருப்புக் காலம் எதுவும் கிடையாது என்றும் தீர்ப்பில் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். நான் அதை அப்படியே அக்காவுக்கு அனுப்பினேன்.

மறுநாள் காலை, பெர்த்திலும் கிள்ளானிலும் ஒரே மணி. கைப்பேசி சிணுங்கியது. பாலா என்ற பெயருக்குக் கீழே, தமிழ் எழுத்தில், ஒரே ஒரு சொல்:

“இருக்கேன்.”